அம்மாவோட சீட்டுப் பணமும் வெள்ளைக் கோன் ஸ்பீக்கரும்

சதுரங்கப்பட்டினத்துல இருந்து பேசுறேன். போன எபிசோடுல 1782 பிப்ரவரியில நம்ம ஊர்க் கடல்ல பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதிக்கிட்ட கதையைப் பார்த்தோம். இந்தத் தடவை அவ்வளவு தூரம் பின்னாடி போக வேண்டாம். 1978 போதும்.

அந்த ஒரே வருஷத்துல, ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாம மூணு விஷயம் நடந்தது. ஜப்பான்ல யமஹா கம்பெனி, வீட்டு ஹால்ல வெச்சுப் பாட்டு கேட்கறதுக்குன்னு என்எஸ்-10 என்ற சின்ன ஸ்பீக்கரை வெளியிட்டது. பின்லாந்துல ஈசால்மி என்ற சின்ன ஊர்ல ஜெனலெக் என்ற கம்பெனி ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல இளையராஜா இசையில 'ப்ரியா' படம் வந்தது. தமிழ் சினிமாவுல முதல் ஸ்டீரியோ பாட்டுகள்னு பொதுவா அதைத்தான் சொல்வாங்க. இன்னைக்கு நீங்க பெட்ரூம்ல ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஜோடி ஸ்பீக்கர் வெச்சுப் பாட்டு பண்றீங்கன்னா, இந்த மூணு கதையும் உங்க மேசைக்கு வந்து சேர்ந்திருக்குன்னு அர்த்தம்.

முதல்ல ஒரு விளக்கம். மானிட்டர்னா இங்க கம்ப்யூட்டர் திரை இல்ல. பாட்டைப் பதிவு பண்றவங்களும் மிக்ஸ் பண்றவங்களும் வேலை செய்யும்போது கேட்கிற ஸ்பீக்கர். வீட்டு ஸ்பீக்கரோட வேலை பாட்டை இனிமையாக் காட்டறது. மானிட்டரோட வேலை அந்தப் பாட்டுல என்ன இருக்கோ அதைக் காட்டறது, குறை இருந்தா குறையோட. கொஞ்சம் பேஸ் தூக்கி, கொஞ்சம் பளபளப்பு சேர்த்துத் தர்ற ஸ்பீக்கர்ல மிக்ஸ் பண்ணினா, 'பேஸ்தான் நிறைய இருக்கே'ன்னு நீங்க குறைச்சிடுவீங்க. அதே பாட்டு வேற இடத்துல போய்ச் சப்புன்னு இருக்கும்.

பழைய காலத்துல இந்தக் கவலை பாட்டு பண்றவங்க தலையில இல்ல. 1931ல 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பல வருஷங்களுக்கு, பாட்டுப் பதிவுன்னா அது ஒரு பெரிய கட்டடத்தோட வேலை. 1948ல ஏவிஎம் காரைக்குடியில இருந்து வடபழனிக்கு வந்தது. அதைச் சுத்தியும் அதுக்கு அப்புறமும் கோடம்பாக்கத்துல வளர்ந்த ரெக்கார்டிங் தியேட்டர்கள்ல பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒண்ணா உட்கார்ந்து வாசிச்சாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். எது சரியா கேட்குது, எது கேட்கலன்னு முடிவு பண்றது அவரோட காது, அவரோட ஸ்பீக்கர், அந்தக் கட்டடத்தோட சுவர். மோனோ காலம், அதனால ஒரு ஸ்பீக்கர் இருந்தாலே போதும்.

அந்தப் பக்கம் கேட்கிற ஜனங்க கிட்ட என்ன இருந்தது? டீக்கடை ரேடியோ, இலங்கை வானொலி, கல்யாண வீட்டு மைக் செட். தென்னை மரத்துல கட்டின கூம்பு ஸ்பீக்கர். கூம்புல ஆழமான பேஸ் வராது. உச்சியில இருக்கிற சிணுக்கமும் வராது. குரல் மட்டும் ரெண்டு ஊர் தாண்டிப் போகும். அந்தக் காலத்துப் பாட்டுகள்ல குரலை அவ்வளவு முன்னாடி வெச்சதுக்கு ரசனை ஒரு காரணம்னா, கூம்பு இன்னொரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

சரி, என்எஸ்-10 கதைக்கு வருவோம். அதை வடிவமைச்சவர் அகிரா நகமுரா. 18 சென்டிமீட்டர் அகலத்துல வெள்ளைக் காகிதக் கோன், மேல ஒரு சின்ன ட்வீட்டர், காத்து வெளியே போக ஓட்டையே இல்லாத மூடின பெட்டி. வீட்டு உபயோகத்துக்குன்னு வந்த அது அங்கே எடுபடல. பேஸ் கம்மி, மேல் சத்தம் காதைக் குத்துதுன்னு விமர்சனம். சாதாரணமா இந்த இடத்துல ஒரு பொருளோட கதை முடிஞ்சிடும்.

ஆனா அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் இருந்த ஸ்டூடியோ ஆட்களுக்கு அப்போ வேற ஒரு தேவை இருந்தது. சுவர்ல பதிச்ச பிரமாண்டமான ஸ்பீக்கர்ல எந்தப் பாட்டும் அருமையாத்தான் கேட்கும். வாங்கினவன் வீட்டுல எப்படிக் கேட்கும்? அதைத் தெரிஞ்சுக்க, மிக்ஸர் மேலேயே ஒரு சின்ன ஸ்பீக்கரை வைக்கிற பழக்கம் ஏற்கெனவே உண்டு. ஆரடோன் என்ற சின்னச் சதுரப் பெட்டி அதுக்குத்தான் பேர் போனது. மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' ஆல்பத்தை மிக்ஸ் பண்ணின புரூஸ் ஸ்வீடியன், வேலையில பெரும்பகுதியை அந்தப் பெட்டியில, குறைஞ்ச சத்தத்துலதான் பண்ணினதாச் சொல்லியிருக்கார். பிபிசியும் 1970களோட முதல் பாதியில, வெளி ஒலிபரப்பு வேனுக்குள்ள இடமில்லன்னு எல்எஸ்3/5ஏ என்ற கைக்கு அடக்கமான மானிட்டரை உருவாக்கி வெச்சிருந்தது.

அந்த இடத்துக்குத்தான் என்எஸ்-10 வந்து உட்கார்ந்தது. பாப் கிளியர்மவுண்டன் மாதிரி பெரிய மிக்ஸிங் இன்ஜினியர்கள் அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சதும் மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க. ட்வீட்டர் ரொம்பக் குத்துதுன்னு அதுக்கு மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டினாங்க. எத்தனை மடிப்பு, எந்த மாதிரி பேப்பர்னு ஒரு சண்டையே நடந்தது. கடைசியில யமஹாவே மேல் சத்தத்தைத் தணிச்சு, 1980களோட பின்பாதியில ஸ்டூடியோவுக்குன்னே ஒரு மாடல் போட்டது. உலகத்துல எந்த ஸ்டூடியோ போட்டோவை எடுத்தாலும் மிக்ஸருக்கு மேல ரெண்டு வெள்ளை வட்டம் தெரியும், பார்த்திருப்பீங்க. அது இதுதான்.

'இதுல நல்லா கேட்டா எதுலயும் நல்லா கேட்கும்'னு ஒரு சொலவடை அப்போ வந்தது. மட்டமான ஸ்பீக்கர், அதனாலதான் உபயோகம்னு இன்னைக்கும் நிறைய பேர் இதுக்கு அர்த்தம் சொல்றாங்க. எனக்கு இது சரியாப் படல. 2001ல இங்கிலாந்துல பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் குழுவினர், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல பல மானிட்டர்களை அளந்து பார்த்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. இருபது வருஷமா இது ஏன் அளவுகோலா இருக்குன்றதுதான் கேள்வி. அவங்க கண்டது என்னன்னா, இந்த மூடின பெட்டியில ஒரு சத்தம் சட்டுனு ஆரம்பிச்சுச் சட்டுனு நிக்குது. டிரம்ஸ்ல ஒரு அடி விழுந்தா, அடி முடிஞ்சதும் ஸ்பீக்கரும் வாயை மூடிக்குது. ஓட்டை வெச்ச பெட்டிகள்ல பேஸ் கூடுதலா வரும், ஆனா அந்தக் கீழ்ச் சத்தம் கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டே நிக்கும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேருதுன்னு முடிவு பண்ணணும்னா, இழுக்காத ஸ்பீக்கர்தான் வேணும். ஆக, வீட்டு ஸ்பீக்கரா அது தோத்ததுக்குக் காரணமான அதே பெட்டிதான் ஸ்டூடியோவுல அதை ஜெயிக்க வெச்சது. அதே 2001ல உற்பத்தி நின்னு போச்சு. கோனுக்கான மரக்கூழ் கிடைக்கலன்னு யமஹா காரணம் சொன்னது. சில வருஷம் கழிச்சு எச்எஸ்ன்னு அடுத்த வரிசை வந்தது. வெள்ளைக் கோனை மட்டும் விடாம வெச்சுக்கிட்டாங்க. இது பெட்டியில ஓட்டை உள்ள வேற ஸ்பீக்கர். தோற்றம்தான் வாரிசு.

ஜெனலெக் என்ன பண்ணினதுன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். பின்லாந்து வானொலிக்காக அவங்க பண்ணின மானிட்டர்ல ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே வெச்சாங்க. இன்னைக்கு நாம வாங்கற அஞ்சு இன்ச் மானிட்டர் எல்லாமே அநேகமா அந்த வகைதான். தனி ஆம்ப்ளிஃபயர் தேடி அலைய வேண்டாம், எது எதோட பொருந்தும்னு கணக்கும் வேண்டாம். வீட்டு ஸ்டூடியோ கட்டுப்படியானதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போ கோடம்பாக்கம். 1989ல ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுப் பின்பக்கத்துல பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவை ஆரம்பிச்சார். வயசு 22. விளம்பர ஜிங்கிள் பண்ணிக்கிட்டிருந்த காலம். அறை ரெடி, ஏசி இருக்கு, தரைவிரிப்பு இருக்கு, உள்ளே வைக்கக் கருவி வாங்கத்தான் காசு இல்லன்னும், அம்மா கரீமா பேகம் தன் நகையைக் கொடுத்துத்தான் முதல் ரெக்கார்டர் வந்ததுன்னும் அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். 1992ல 'ரோஜா' பாட்டுகள் அந்த அறையில இருந்துதான் வந்தது. தேசிய விருதும் கிடைச்சது.

வரலாறா இதுல எனக்கு முக்கியமாப் படறது நகை இல்ல, நேரம். தியேட்டர்ல கால்ஷீட் கணக்கு உண்டு. இத்தனை மணிக்குள்ள இத்தனை வாத்தியக்காரர், பாட்டு முடியணும். வீட்டு அறையில ராத்திரி பூரா ஒரே பேஸ் லைனைத் திரும்பத் திரும்பக் கேட்டு மாத்தலாம். இசையமைப்பாளரே ஸ்பீக்கருக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு அடுக்கா வெச்சுப் பார்க்கலாம். பதிவு பண்றதும் இசையமைக்கறதும் தனித்தனி வேலையா இருந்தது போய், ஒரே நாற்காலியில நடக்க ஆரம்பிச்சது. அந்த நாற்காலிக்கு எதிர்ல என்ன ஸ்பீக்கர் இருக்குன்றது அப்போதான் பாட்டோட தலையெழுத்தை மாத்தற விஷயமாச்சு. ஸ்டீரியோ டேப் ரெக்கார்டரும் வாக்மேனும் நம்ம வீடுகளுக்குள்ள வந்துட்ட காலம் வேற. கூம்புல கேட்காத பேஸ், ஹெட்ஃபோன்ல கேட்டது.

இப்போ இந்த எபிசோடுக்குக் காரணமான மெசேஜ். புதுப்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தான். பேர் சொல்லல. 'அண்ணா, அம்மா சீட்டு எடுத்து 50,000 ரூபா தர்றேன்னு சொல்றாங்க. அடுத்த சீட்டு தங்கச்சி காலேஜுக்கு. இந்தப் பணத்துல எந்த மானிட்டர் வாங்கலாம்? ரஹ்மான் சார் அம்மாவும் இப்படித்தானே பண்ணினாங்க?' கானா, கோயில் திருவிழாப் பாட்டு, நண்பர்களோட ராப்னு அவன் பண்றதை அனுப்பியிருந்தான். நல்லாவே பண்றான்.

அந்தக் கடைசிக் கேள்வி என்னை ரெண்டு நாள் தூங்க விடல. நகை கொடுத்த கதை உண்மை. ஆனா அதுல நாம விட்டுடற பாதி ஒண்ணு இருக்கு. ரஹ்மானோட அப்பா ஆர்.கே. சேகர் இசையமைப்பாளர். 1976ல அவர் இறந்ததுக்கு அப்புறம் குடும்பம் அவர் வெச்சிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் ஓடியது. அந்தப் பையன் சின்ன வயசுலேயே பெரிய பெரிய இசையமைப்பாளர்கள் கிட்ட கீபோர்டு வாசிச்சுச் சம்பாதிச்சவர். ஸ்டூடியோ கட்டும்போது கருவிதான் குறைவா இருந்தது, காது ஏற்கெனவே பத்து வருஷம் வேலை செஞ்சிருந்தது. அதனால, தம்பி, அம்மா பணத்தை வாங்காதேன்னு நான் சொல்லல. முழுசையும் ஸ்பீக்கர் பெட்டியில போடாதேன்னு சொல்றேன். ஏன்னு விளக்கறேன். இதுக்குக் கொஞ்சம் கணக்கு வேணும், பயப்படாதீங்க.

நம்ம ஊர்ல பெட்ரூம்னா பத்துக்குப் பத்து. கான்கிரீட் கூரை, அதுவும் பத்தடி உயரம். நீளம், அகலம், உயரம் மூணும் சமம். சத்தத்துக்கு இதைவிட மோசமான அறை கிடையாது. சத்தம் ஒரு நொடியில சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர் இடைவெளியில ரெண்டு சுவர் இருந்தா, 56 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற சத்தம் போய் வந்து தன் மேலேயே ஏறிக்கும். மூணு பக்கமும் ஒரே அளவுன்னா மூணும் ஒரே இடத்துல ஏறும். பேஸ் கிட்டார்ல மூணாவது கம்பியை, அதாவது 'ஏ' கம்பியைச் சும்மா மீட்டினா 55 ஹெர்ட்ஸ். புரியுதா? உங்க பாட்டுல அந்த ஒரு சுரம் மட்டும் சுவரோரமா உட்கார்ந்தா பூதம் மாதிரி எழும்பும். அறையோட நட்டநடுவுல உட்கார்ந்தா காணாமப் போகும். நாற்காலியை நாலடி நகர்த்தினா வேற மிக்ஸ். இதை எந்தக் கம்பெனி மானிட்டரும் சரி பண்ணாது.

இதுல பெரிய ஸ்பீக்கர் வாங்கினா இன்னும் சிக்கல். யமஹா எச்எஸ்5, அஞ்சு இன்ச் மாடல், கம்பெனிக் கணக்குப்படி 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். எட்டு இன்ச் எச்எஸ்8, 38 வரை போகும். தாள்ல பார்த்தா எட்டு இன்ச்தான் ஜெயிக்கும். பத்துக்குப் பத்து அறையில அது கூடுதலாத் தர்றது பெரும்பாலும் சுவரோட சத்தம்தான். அதனால அஞ்சு இன்ச் போதும். யமஹாவா, கேஆர்கேயா, வேற எதுவான்றதை நான் ரெண்டாவதாத்தான் வைப்பேன். கடையில நீங்க நூறு தடவை கேட்ட பாட்டைப் போட்டுக் கேளுங்க. அதுல இதுவரை கவனிக்காத ஒரு தப்பு எந்த ஜோடியில தெரியுதோ அதை எடுங்க.

மீதிப் பணம் அறைக்கு. நாலு இன்ச் தடிமன்ல ராக்வூல் பலகை செஞ்சு, துணி சுத்தி, மூலைகள்லயும் பக்கச் சுவர்கள்லயும் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். காசு பத்தலன்னா பழைய இலவம்பஞ்சு மெத்தையை மூலையில நிறுத்துங்க, ஓரளவு வேலை செய்யும். முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீங்க. அது பார்க்கத்தான் ஸ்டூடியோ மாதிரி இருக்கும். பேஸ் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, எலி வேணா கண்டுக்கும்.

நம்ம டச்சுக் கோட்டைக்குள்ள நீளமான செங்கல் கிடங்குல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. எதிரெதிர் சுவருக்கு நடுவுல அந்தத் தட்டு ஓடி ஓடித் திரும்பும். உங்க அறையிலயும் அதேதான் நடக்குது, சின்ன அளவுல, உங்களுக்குப் பழகிப் போனதால தெரியல.

வைக்கிற இடம் காசில்லாத வேலை. ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சம முக்கோணம். ட்வீட்டர் காது உயரத்துல. பின் சுவர்ல இருந்து ரெண்டரை அடி தள்ளி வெச்சா, சுவர்ல பட்டுத் திரும்பற சத்தம் 110 ஹெர்ட்ஸ் பக்கத்துல நேர்ச் சத்தத்தைத் தின்னும். நம்ம சின்ன அறையில சுவரை ஒட்டியே வைக்கறது மேல். அப்போ பேஸ் ஏறும், பின்னாடி இருக்கிற ரூம் கண்ட்ரோல் சுவிட்சைக் குறைச்சா சரியாகும். நாற்காலி நடுவுல வேண்டாம், முன் சுவர்ல இருந்து நீளத்துல ஐந்துல ரெண்டு பங்கு தள்ளி ஆரம்பிச்சுப் பாருங்க.

அடுத்தது ராத்திரி. பஞ்சதன் மாதிரி நாமளும் ராத்திரிதான் வேலை செய்வோம், பகல்ல வேலைக்குப் போகணுமே. 2000ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை அளவு 45 டெசிபல். சினிமா மிக்ஸிங் தியேட்டர்ல ஒரு ஸ்பீக்கருக்கு 85ன்னு வெச்சு வேலை பண்றாங்க. இந்த வித்தியாசம் அக்கம்பக்கத்துப் பிரச்சினை மட்டும் இல்ல. 1933லயே பெல் ஆய்வுக்கூடத்துல ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிட்டாங்க, சத்தம் குறையக் குறைய நம்ம காதுக்குப் பேஸ்தான் முதல்ல மறையும். ராத்திரி மெல்ல வெச்சு மிக்ஸ் பண்ணினா பேஸைக் கூட்டிடுவீங்க. அதனால குரலோட அளவு, எது முன்னாடி எது பின்னாடின்ற வேலையை ராத்திரி பண்ணுங்க. பேஸ் முடிவை ஞாயித்துக்கிழமை பகல்ல, 75 டெசிபல் அளவுல, ஒவ்வொரு தடவையும் அதே வால்யூம்ல எடுங்க. குமிழ்ல ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வெச்சுக்கலாம். ஒரு சுமாரான ஹெட்ஃபோனையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க, கீழ்ப் பேஸுக்கு அதுல அறை குறுக்கே வராது.

கடற்கரைக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. உப்புக் காத்து இணைப்புகளைத் தின்னும். கடல் பக்கத்து ஜன்னல் கிட்ட ஸ்பீக்கர் வேண்டாம், வேலை முடிஞ்சா துணி போட்டு மூடுங்க, ஒயர் முனைகளை அப்பப்போ கழட்டித் துடைச்சு மாட்டுங்க.

தம்பிக்கு நான் போன்ல சொன்ன கணக்கு இதுதான். பாதிக்கும் கொஞ்சம் மேல ஸ்பீக்கருக்கு. பலகைக்கும் ஹெட்ஃபோனுக்கும் அடுத்த பங்கு. பத்தாயிரத்தை அம்மா கையிலயே திருப்பிக் கொடு. அவன் கடைசியா ஒண்ணு கேட்டான். 'அண்ணா, என் பாட்டு முக்கால்வாசி ஆடி மாசம் அம்மன் கோயில் மைக் செட்லதான் ஓடும். அதுக்கு இவ்வளவு தேவையா?' நியாயமான கேள்வி. ஆரடோன் பெட்டியை ஸ்டூடியோவுல வெச்சவங்களும் இதையேதான் கேட்டாங்க. மைக் செட் கடை அண்ணன் கிட்ட ஒரு பழைய கூம்பை வாங்கி, மிக்ஸ் முடிஞ்சதும் பாட்டை மோனோவுல அதுல போட்டுக் கேளுன்னு சொன்னேன். போன வாரம் கூம்பு வந்துடுச்சாம். மானிட்டர் இன்னும் வாங்கல.